மந்த காலத்துல எம்.பி.ஏ.வை நிறுத்தலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, திருமங்கலத்துல இருந்து ஒரு தம்பி. "எம்.பி.ஏ. ஃபைனான்ஸ் முதல் வருஷம் படிக்கிறேன். 7 லட்சம் கல்விக்கடன். சீனியர்களுக்கு ஆஃபர் கொடுத்த கம்பெனிகளே சேர்ற தேதியைத் தள்ளிக்கிட்டே போறாங்க. படிப்பை நிறுத்திட்டு கிடைக்கிற வேலைக்குப் போயிரவா?"ன்னு கேட்டிருக்காரு.

நிறுத்தாதீங்க தம்பி. நிறுத்தினா இதுவரைக்கும் வாங்கின கடன் அப்படியே நிக்கும், பட்டம் இருக்காது. ஆனா கடன் கணக்கை இன்னைக்கே போட்டுப் பார்த்திருங்க. நிறையப் பேர் படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சு பேங்க் போன் பண்ணும்போதுதான் பார்க்குறாங்க.

செமஸ்டருக்கு 1,75,000 வீதம் நாலு தவணையா வாங்குறீங்க, வட்டி 10.5 சதவீதம்னு வச்சுக்கங்க. படிக்கிற 2 வருஷமும் அதுக்கு மேல 1 வருஷமும் தவணை கட்ட வேண்டாம். ஆனா தனி வட்டி ஓடிக்கிட்டே இருக்கும். நாலு தவணைக்கும் சேர்த்து அந்த 3 வருஷத்துல 1,65,375 ரூபா ஏறியிருக்கும். அதையும் அசல்ல சேர்த்து 10 வருஷத்துக்குக் கட்டினா மாசம் ஏறக்குறைய 11,680. அந்த வட்டியை அப்பப்ப கட்டியிருந்தா மாசத் தவணை 9,445 ரூபாதான். முதல் செமஸ்டர்ல மாச வட்டி 1,530 ரூபா, நாலாவது செமஸ்டர்ல 6,125. முழுசா முடியலைன்னாலும் முதல் ரெண்டு செமஸ்டர் வட்டியை வீட்ல கட்டச் சொல்லுங்க. படிக்கும்போதே வட்டி கட்டுறவங்களுக்கு 1 சதவீதம் குறைக்கிற பேங்க் இருக்கு, உங்க கிளைல கேளுங்க. வேலை கிடைக்காம, தவணை கட்ட வேண்டாத அந்தச் சலுகைக் காலம் முடியப் போகுதுன்னா, முடியறதுக்கு முன்னாடியே கிளைக்குப் போய் எழுதிக் கொடுத்திரணும். தவணை 90 நாள் தாண்டிட்டா வாராக்கடன். கூடக் கையெழுத்துப் போட்ட அப்பாவோட சிபில் மதிப்பெண்ணும் (கடனை ஒழுங்கா கட்டுறாரான்னு பேங்க் பார்க்குற எண்) அதுல அடிபடும்.

இப்ப வேலை விஷயம். மந்த காலத்துல கம்பெனிகள் முதல்ல வெட்டுறது விளம்பரச் செலவு, புது கிளை, பயிற்சி ஆளுங்க. வெட்ட முடியாதது வசூல். பணம் வெளிய சிக்கிக் கிடக்குற நேரத்துல அதை உள்ள கொண்டுவரத் தெரிஞ்ச ஆள் எல்லா முதலாளிக்கும் வேணும். ஃபைனான்ஸ் படிக்கிற உங்களுக்கு இது நேரடியான வழி. அதனால சம்மர் இன்டர்ன்ஷிப்புக்கு சென்னை, பெங்களூர்னு பேர் பெருசா இருக்கிற இடத்துக்கு மட்டும் காத்திருக்காதீங்க. உங்க ஊருக்குப் பக்கத்துலயே கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கு, மதுரைப் பக்கம் கே.புதூர் தொழிற்பேட்டை இருக்கு. ஒரு சின்ன உற்பத்தி யூனிட்ல ரெண்டு மாசம் உட்காருங்க.

செய்யவேண்டியது ஒரே ஒரு வேலை, பாக்கி வயசுப் பட்டியல். அதாவது எந்த பில் எத்தனை நாளா வசூலாகாம நிக்குதுங்கிற பட்டியல். கணக்கு எழுதுற டாலி சாஃப்ட்வேர்ல அவுட்ஸ்டேண்டிங்ஸ், அதுல ரிசீவபிள்ஸ் (வரவேண்டிய பாக்கி) எடுத்து 0–15, 16–45, 46–90, 90-க்கு மேலன்னு பில் வாரியாப் பிரிக்கணும். அப்படியே எடுத்த பட்டியலை நம்பிறாதீங்க, பெரும்பாலும் தப்பா இருக்கும். பார்ட்டி, அதாவது சரக்கு வாங்கினவர், பணம் அனுப்பும்போது எந்த பில்லுக்குன்னு பார்க்காம 'ஆன் அக்கவுண்ட்'னு ஏத்திருப்பாங்க. பணம் வந்த பிறகும் பழைய பில் பாக்கியாவே நிக்கும். திரும்பி வந்த சரக்குக்கு கிரெடிட் நோட் (பாக்கியைக் குறைக்கிற சீட்டு) போடாம விட்டிருப்பாங்க. அதை நேர் பண்ணாம பார்ட்டிக்குப் போன் போட்டா சண்டைதான் வரும். முதல் ரெண்டு வாரம் இந்தச் சுத்தம் பண்றதுக்கே போயிரும், போகட்டும். அதுக்கப்புறம் பார்ட்டிகிட்ட பாக்கித் தொகைய எழுத்துல உறுதி வாங்குங்க.

சட்டமும் தெரிஞ்சிருக்கணும். 2006-ம் வருஷ எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள்ல பணம் தரணும், இல்லைன்னா 15 நாள்ல. தாமதிச்சா ரிசர்வ் பேங்க் வங்கி விகிதத்தைப் போல மூணு மடங்கு, மாசாமாசம் கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டுல இருந்து, அந்தக் கெடுவுக்குள்ள கட்டாம வருஷக் கடைசில பாக்கி நிக்கிற தொகையை வாங்குறவர் அந்த வருஷச் செலவா வருமான வரியில காட்ட முடியாது. இந்த ஒரு விஷயத்தைப் பக்குவமா எடுத்துச் சொன்னா மார்ச் மாசத்துல பணம் நகரும். ஆனா இந்த வருமான வரி விதி, உதயம் பதிவுள்ள (அரசு தர்ற எம்.எஸ்.எம்.இ. பதிவு) உற்பத்தியாளருக்கும் சேவை தர்றவருக்கும்தான் உதவும். மதுரை கீழமாசி வீதில இருக்கிற மாதிரி வாங்கி விக்கிற மொத்த வியாபாரிக்குப் பொருந்தாது. அங்க போய் இதைச் சொல்லி மாட்டிக்காதீங்க.

முடிவுல கணக்கு காட்டணும். வருஷ விற்பனை 1 கோடியே 20 லட்சம் உள்ள யூனிட்ல வசூல் சராசரியா 10 நாள் முன்னாடி வந்தா, ஓ.டி.ல (பேங்க்ல எடுத்துப் பயன்படுத்துற ஓவர்டிராஃப்ட் கடன்ல) ஏறக்குறைய 3,29,000 குறையும். 11 சதவீத வட்டிக்கு வருஷம் 36,000 மிச்சம். ரெஸ்யூமேல 'ஃபைனான்ஸ்ல ஆர்வம்'னு எழுதுற இடத்துல இந்த ரெண்டு எண்ணை எழுதுங்க. பார்ட்டி பேர் எதையும் வெளிய கொடுக்காதீங்க, எண் மட்டும் போதும். அதையும் முதலாளிகிட்ட கேட்டுட்டு எழுதுங்க.

கேம்பஸ்ல ஆஃபர் வந்தாலும், சேர்ற தேதி எழுத்துல வர்ற வரைக்கும் மத்த இன்டர்வியூவை நிறுத்தாதீங்க. தேதி தள்ளிப்போனா கம்பெனி ஹெச்.ஆருக்கு மெயில்ல கேளுங்க, போன்ல வேண்டாம். காலேஜ் பிளேஸ்மென்ட் ஆபீஸையும் அதே மெயில்ல சேர்த்துக்கங்க.