இருமுறை கைமாறிய பால் ஜார்ஜ்: கூடைப்பந்துப் பொது மேலாளரை எடைபோடுவது எப்படி?

[திரையில்: 2025 என்பிஏ (வட அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) இறுதிச்சுற்று, ஏழாவது ஆட்டத்தின் கடைசி நிமிடம்]

2025 ஜூன் 23, திங்கட்கிழமை. சிங்கப்பூரில் காலை எட்டு மணி. ஜூன் பள்ளி விடுமுறை என்பதால் மாணவர்கள் வீட்டுத் தொலைக்காட்சி முன்னால் இருந்தார்கள். வேலைக்குப் புறப்பட்டவர்கள் எம்ஆர்டியில் நின்றபடி கைப்பேசியில் பார்த்தார்கள். ஓக்லஹோமா சிட்டி தண்டர் 103, இந்தியானா பேசர்ஸ் 91. ஓக்லஹோமாவுக்கு இடம்பெயர்ந்த பிறகு தண்டர் வென்ற முதல் கிண்ணம் அது.

அந்த இரண்டு அணிகளின் முதன்மை ஆட்டக்காரர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். தண்டரின் ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர், பேசர்ஸின் டைரீஸ் ஹாலிபர்ட்டன். இருவருமே தத்தம் அணிக்கு வந்து சேர்ந்த வழியைப் பின்னோக்கித் தேடினால் 2017 ஜூலையில் நடந்த ஒரே பரிமாற்றத்தில் போய் நிற்கும்.

[திரையில்: ஒரு கோடு, இரண்டாகப் பிரிகிறது]

அந்த ஜூலையில் இந்தியானா தன் நட்சத்திரம் பால் ஜார்ஜைத் தண்டருக்குக் கொடுத்தது. பதிலுக்கு விக்டர் ஒலடிப்போவும் டொமான்டஸ் சபோனிஸும் கிடைத்தார்கள். 2022 பிப்ரவரியில் இந்தியானா சபோனிஸை சாக்ரமென்டோவுக்கு அனுப்பி ஹாலிபர்ட்டனைப் பெற்றது. தண்டர் பக்கம், 2019 ஜூலையில் ஜார்ஜ் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்குப் போனார்; ஷே வந்தார். கூடவே, புதிய இளம் ஆட்டக்காரர்களை எடுப்பதற்கான தேர்வு உரிமைகளும் வந்தன; அவற்றில் ஒன்றைக் கொண்டுதான் 2022இல் ஜேலன் வில்லியம்ஸ் 12வது இடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஆக, 2017 பரிமாற்றத்தில் வென்றது யார்? தோ பாயோவிலோ பிடோக்கிலோ வீவக புளோக்குகளுக்கு நடுவே இருக்கும் கூடைப்பந்துத் திடலில் இந்தக் கேள்வியைப் போட்டால் மாலை முழுவதும் வாக்குவாதம் ஓடும். அந்த வாக்குவாதம் நியாயமாக நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வீடியோ.

நம் வீடுகளில் ஐபிஎல் ஏலம் பார்ப்பவர்கள் உண்டு. இங்கிலீஷ் பிரீமியர் லீக்கில் யார் எந்த அணிக்கு எத்தனை மில்லியன் பவுண்டுக்குப் போகிறார் என்று விரல்நுனியில் வைத்திருப்பவர்களும் உண்டு. என்பிஏ அப்படி இயங்குவதில்லை. அங்கே ஆளுக்கு ஆள், அல்லது ஆளுக்குத் தேர்வு உரிமை. ஆண்டுதோறும் இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஓர் இடம்தான் தேர்வு உரிமை. இன்னும் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் ஒரு பையனுக்கான உரிமையை இன்றே கொடுக்கலாம், வாங்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே, ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு ஒன்று இருக்கிறது. பணக்கார முதலாளி இருக்கிறார் என்பதற்காக எல்லோரையும் வாங்கிக் குவிக்க முடியாது.

ஆகவே அணியின் பரிமாற்றங்களையும் ஒப்பந்தங்களையும் முடிவுசெய்யும் ஒரு பொது மேலாளரின் கணக்கேட்டைத் திறந்தால் முதலில் தேட வேண்டியது தேதி. அன்றைக்கு அவர் கையில் என்ன இருந்தது? அது எத்தனை நாள் அவர் கையில் இருக்கும்? எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு என்ன அவசரம்? இந்த மூன்றுக்கும் விடை தெரியாமல் பெயர்களை மட்டும் இரண்டு பக்கமும் எழுதிக் கூட்டிக் கழித்தால் வருவது தீர்ப்பாகாது.

சிங்கப்பூரில் இதைப் புரிந்துகொள்வது எளிது. வீவக மறுவிற்பனை வீட்டு விலைகள் 2013க்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் இறங்கிக்கொண்டே வந்தன. 2020க்குப் பிறகு மளமளவென்று ஏறின. 2019இல் வீட்டை விற்றவரைப் பார்த்து, "பொறுத்திருக்கக் கூடாதா?" என்று இன்று கேட்பது சுலபம். கொள்ளைநோய் வரப்போவதையும் கட்டுமானம் தாமதமாகப் போவதையும் அவர் எப்படி அறிந்திருப்பார்? ஆனால் அதே ஆள், பக்கத்து வீட்டின் விலையைக்கூட விசாரிக்காமல் முதலில் வந்தவரிடம் சாவியைக் கொடுத்திருந்தால் அது அன்றைக்கே தவறு. விலை பிறகு ஏறியதா, இறங்கியதா என்பது அந்தத் தவறைத் தொடாது.

[திரையில்: பால் ஜார்ஜ், 2017 | 2019]

இப்போது ஜார்ஜிடம் திரும்புவோம். 2017இல் அவருடைய ஒப்பந்தத்தில் ஓராண்டுதான் மிச்சம். அது முடிந்ததும் போய்விடுவேன் என்று இந்தியானாவிடம் சொல்லிவிட்டார். லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் மேல்தான் அவருக்குக் கண் என்பதும் ஊரறிந்த செய்தி. எந்த அணி வாங்கினாலும் ஓராண்டில் வெறுங்கையோடு நிற்க நேரலாம். அதனால் விலை இறங்கியது. பேசர்ஸின் கெவின் பிரிச்சர்டை அன்று விமர்சகர்கள் கிழித்தெடுத்தார்கள். இரண்டு சாதாரண ஆட்டக்காரர்களுக்கு நட்சத்திரத்தைத் தாரைவார்த்துவிட்டார் என்றார்கள். அவர் மீது அன்றைக்கே நியாயமாகச் சுமத்தக்கூடிய குற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கெடு நெருங்கிய சரக்கைக் கொடுத்து, 25 வயதான ஒலடிப்போவையும் 21 வயதான சபோனிஸையும் வாங்கினார். அடுத்த பருவத்திலேயே ஒலடிப்போ லீக்கின் நட்சத்திரங்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார்.

இரண்டே ஆண்டு கழித்து அதே ஜார்ஜுக்குத் தண்டரின் சாம் பிரெஸ்டி பெற்ற விலை என்ன தெரியுமா? ஷே, டனிலோ கலினாரி, முதல் சுற்றுத் தேர்வு உரிமைகள் ஐந்து, அவற்றுக்கு மேல் இரண்டு ஆண்டுகளில் தேர்வு இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை. ஜார்ஜுக்கு வயது இரண்டு கூடியிருந்தது. தோள்பட்டை அறுவைச் சிகிச்சையும் செய்துகொண்டிருந்தார். பிறகு எப்படி விலை இத்தனை ஏறியது?

விடையின் பாதி 2018 கோடையில் இருக்கிறது. எல்லோரும் லேக்கர்ஸுக்குப் போவார் என்று நினைத்த ஜார்ஜ், தண்டருடன் நான்காண்டு ஒப்பந்தத்தில் மீண்டும் கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்துதான் 2019 விலையைத் தீர்மானித்தது. அவர் வெளியேற விரும்பியபோது, "ஆண்டுகள் மிச்சம் இருக்கின்றன, எங்களுக்கு அவசரமில்லை" என்று பிரெஸ்டியால் நிமிர்ந்து உட்கார முடிந்தது. மறுபாதி, எதிர்த்தரப்பின் பதற்றம். அப்போதுதான் கிண்ணம் வென்று வந்திருந்த கவாய் லெனர்ட், ஜார்ஜும் வந்தால் கிளிப்பர்ஸில் சேருவதாக இருந்தார். கிளிப்பர்ஸ் உண்மையில் இரண்டு நட்சத்திரங்களுக்கு விலை கொடுத்துக்கொண்டிருந்தது. பிரெஸ்டி அதை உணர்ந்து, இரண்டு பேருக்கான விலையைக் கேட்டு வாங்கினார். 21 வயதுகூட நிரம்பாத ஷே பின்னாளில் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வெல்வார் என்று அவர் கணித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஷே நடுத்தர ஆட்டக்காரராக நின்றுபோயிருந்தாலும் அது அன்றைய கணக்கில் அபாரமான பேரம்.

ஒப்பந்தத்தையும் பரிமாற்றத்தையும் தனித்தனிப் பட்டியலாகப் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். இன்றைய கையெழுத்து நாளைய பேரத்தின் பலம்.

[திரையில்: ஜேம்ஸ் ஹார்டன், 2012]

அதே பிரெஸ்டியின் கணக்கேட்டில் 2012 அக்டோபர் 27 என்ற தேதியும் இருக்கிறது. அன்று ஜேம்ஸ் ஹார்டனை ஹியூஸ்டனுக்குக் கொடுத்தார். கெவின் மார்ட்டின், ஜெரமி லாம்ப், சில தேர்வு உரிமைகள் வந்தன. மார்ட்டின் ஒரு பருவம் ஆடிவிட்டுப் போய்விட்டார். ஒரு தேர்வு உரிமையில் ஸ்டீவன் ஆடம்ஸ் வந்தார்; நல்ல உழைப்பாளி. ஹார்டனோ 2018இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஆனார்.

"அவர் அவ்வளவு பெரிய ஆளாவார் என்று யாருக்குத் தெரியும்?" என்பது வழக்கமான வாதம். நான் சொன்ன அளவுகோலின்படியே இந்த வாதத்தையும் சோதிப்போம். அன்று தெரிந்தவை என்ன? தண்டர் அப்போதுதான் இறுதிச்சுற்று ஆடி மயாமியிடம் தோற்றிருந்தது. அணியின் நட்சத்திரங்களில் கெவின் டுரான்டுக்கு வயது 24. வெஸ்ட்புரூக்கும் ஹார்டனும் 23. ஹார்டன் அந்தப் பருவத்தின் சிறந்த மாற்று ஆட்டக்காரர். லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார். ஒப்பந்த நீட்டிப்புக்குக் கெடு அக்டோபர் 31. தண்டர் கொடுக்க முன்வந்ததற்கும் ஹார்டன் கேட்ட உச்சத் தொகைக்கும் இடையே இருந்தது சில மில்லியன் டாலர் என்றே அன்றைய செய்திகள் எல்லாம் கூறின.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது வேறு. அக்டோபர் 31 கடந்திருந்தால்கூட ஹார்டன் அந்தப் பருவம் முழுவதும் தண்டர் ஆட்டக்காரர்தான். அடுத்த கோடையில் வேறு அணி விலை சொன்னாலும், அதே தொகையைக் கொடுத்து அவரைத் தக்கவைக்கும் உரிமை தண்டரிடம் இருந்திருக்கும். ஆக, காலம் பிரெஸ்டியின் பக்கம் இருந்தது. இன்னொரு முறை கிண்ணத்துக்கு முயன்று பார்த்துவிட்டு அதன் பிறகு முடிவெடுத்திருக்கலாம். சம்பளச் செலவு மிஞ்சிப்போகும் அணிகள் கட்ட வேண்டிய, மேலும் கடுமையாகவிருந்த புதிய ஆடம்பர வரியும், சிறு நகரத்து அணியின் வருமானமும் உண்மையான நெருக்கடிகள்தான். உரிமையாளர்களின் பணப்பையை மேலாளர் தீர்மானிப்பதில்லை. அதற்காகப் பழியில் ஒரு பங்கை அவர்கள் மேல் வைக்கிறேன். ஆனாலும் அது அன்றைய கணக்கிலேயே தவறான முடிவு. தண்டர் மீண்டும் இறுதிச்சுற்றைப் பார்க்க 2025 வரை ஆனது.

பிரெஸ்டியை நான் மிகவும் மதிக்கிறேன். அதனாலேயே 2019ஐக் காட்டி 2012ஐ மூடி மறைப்பதை ஏற்க மாட்டேன்.

[திரையில்: டாலஸ், 2025]

அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேச டாலஸைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. 2025 பிப்ரவரித் தொடக்கத்தில் அதன் பொது மேலாளர் நிக்கோ ஹாரிசன், லூக்கா டோன்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்தார். வயது 25, முந்தைய ஆண்டு அணியை இறுதிச்சுற்றுக்கு அழைத்துச் சென்றவர். பதிலுக்கு வந்தவர்கள் 31 வயதான ஆன்டனி டேவிஸ், மாக்ஸ் கிறிஸ்டி. கூடவே 2029இன் ஒரே ஒரு முதல் சுற்றுத் தேர்வு உரிமை. பேச்சு ரகசியமாக நடந்தது. டோன்சிச் விற்பனைக்கு இருக்கிறார் என்று லீக்கின் மற்ற அணிகள் அறிந்திருந்தால் எத்தனை பேர் வரிசையில் நின்றிருப்பார்கள்! விலையை விசாரிக்காமல் சாவியைக் கொடுத்தது இதுதான்.

மூன்று மாதம் கழித்து, 1.8 விழுக்காடு வாய்ப்பு மட்டுமே இருந்த டாலஸுக்கு, பின்தங்கிய அணிகளுக்கிடையே டிராஃப்ட் வரிசையை முடிவுசெய்யும் குலுக்கலில் முதல் தேர்வு விழுந்தது. கூப்பர் ஃபிளாக் வந்தார். டோன்சிச் போகாமல் இருந்தால் அணி அத்தனை ஆட்டங்களில் தோற்றிருக்காது, ஃபிளாக்கும் வந்திருக்க மாட்டார் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நடந்த வரிசை என்னவோ அதுதான். ஆனால் 1.8 விழுக்காட்டை நம்பி யாரும் திட்டம் போடுவதில்லை. ஃபிளாக் நாளை பத்துக் கிண்ணம் வென்றாலும் அதில் ஒன்றைக்கூட ஹாரிசன் பெயரில் எழுதக்கூடாது. அவர் அந்த நவம்பரிலேயே பதவி நீக்கப்பட்டார்.

ஒப்பந்தங்களுக்கு வருவோம். இங்கே டாலர் தொகையைப் பார்த்து வாய்பிளப்பது பயன் தராது. உச்சவரம்பில் எத்தனை பங்கு, எத்தனை ஆண்டு, வெளியேற வழி உண்டா என்று பார்க்க வேண்டும். 2016 கோடையில் புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தால் உச்சவரம்பு 70 மில்லியனிலிருந்து 94 மில்லியனுக்குத் தாவியது. எல்லா அணிகளின் கையிலும் பணம். லேக்கர்ஸ் 30 வயதை எட்டவிருந்த டிமொஃபெய் மோஸ்கோவுக்கு நான்காண்டுக்கு 64 மில்லியன் கொடுத்தது. உச்சவரம்பில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு.

2024இல் தண்டர் 26 வயதான ஐசேயா ஹார்ட்டன்ஸ்டைனுக்குக் கொடுத்தது மூன்றாண்டுக்கு 87 மில்லியன். பங்காகப் பார்த்தால் ஐந்தில் ஒன்று, மோஸ்கோவுடையதைவிட அதிகம். ஆனாலும் மூன்றாம் ஆண்டு வேண்டுமா வேண்டாமா என்ற முடிவு அணியின் கையில். தவறிப்போனால் இரண்டு ஆண்டில் கதவு திறந்துவிடும். மோஸ்கோவ் ஒப்பந்தத்தில் அப்படிக் கதவே இல்லை. ஓராண்டிலேயே அவரைத் தள்ளிவிட வேண்டியதாயிற்று. சும்மா யார் வாங்குவார்கள்? 2015இல் இரண்டாவது இடத்தில் தேர்ந்தெடுத்த டி'ஆஞ்சலோ ரசலையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ப்ரூக் லோபஸும் முதல் சுற்றின் கடைசிப் பகுதியில் ஒரு தேர்வு உரிமையும் வந்தன என்பது உண்மைதான். ஆனால் அந்த 64 மில்லியனின் பக்கத்தில் ரசலின் பெயரையும் எழுதினால்தான் கணக்கு சரியாகும்.

டொரொன்டோவைப் பற்றிச் சுருக்கமாக. மசாய் உஜிரி 2018இல் லெனர்டை வாங்கியபோது அவருக்கும் ஓராண்டுதான் மிச்சம். 2019இல் கிண்ணம் வந்தது, லெனர்ட் போனார். ஒலடிப்போவையும் சபோனிஸையும் தண்டருக்குக் கொடுத்து 2016இல் செர்ஜ் இபாகாவை வாங்கிய ஒர்லாண்டோவுக்கும் இதே ஓராண்டுக் கெடு இருந்தது. டொரொன்டோ கிண்ணத்தின் வாசலில் நின்ற அணி. ஒர்லாண்டோ அதற்கு முந்தைய பருவத்தில் 35 ஆட்டம் மட்டுமே வென்றிருந்தது; ஓராண்டு இபாகாவை வைத்துக்கொண்டு எதை அடைய நினைத்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

[திரையில்: மினசோட்டா, 2022]

கடைசியாக, இன்னும் முடியாத ஒரு கணக்கு. 2022 ஜூலையில் மினசோட்டாவின் டிம் கானெலி ரூடி கோபேரை யூட்டாவிடமிருந்து வாங்க ஐந்து ஆட்டக்காரர்களையும் நான்கு முதல் சுற்றுத் தேர்வு உரிமைகளையும் கொடுத்தார். உலகமே சிரித்தது. பிறகு அந்த அணி 2024, 2025 இரண்டு ஆண்டும் மேற்குப் பிரிவின் இறுதிச்சுற்றை எட்டியது. 2024இல் கோபேர் நான்காவது முறையாகச் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருதை வென்றார். சிரித்தவர்கள் பேச்சை மாற்றிக்கொண்டார்கள்.

நான் மாற்றிக்கொள்ளவில்லை. யூட்டா தன் அணியைக் கலைக்கத் தயாராகிக்கொண்டிருந்தது. கோபேருக்கு வயது 30, மிகப் பெரிய சம்பளம் வேறு. அவருக்காக அத்தனை அணிகள் போட்டியிடவில்லை. குறைந்தது ஒரு தேர்வு உரிமையையாவது கானெலி தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கலாம் என்பது என் கருத்து. தேர்ந்தெடுத்த ஆள் சரி, கொடுத்த விலை அதிகம். கொடுத்தவற்றில் கடைசித் தேர்வு உரிமை 2029இல்தான் பயனுக்கு வரும். அதில் யூட்டாவுக்கு ஒரு ஷே கிடைத்தாலும் சரி, பெயர் தெரியாத ஒருவர் கிடைத்தாலும் சரி, 2022க்கு நான் போட்ட மதிப்பெண் அப்படியேதான் இருக்கும்.