விளக்கைப் போடுவோம், அப்புறம் கம்பை எடுப்போம்

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கும் நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'குறைந்த அபாயமுள்ள புரோஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தால் உடனே சிகிச்சையா, கண்காணிப்போடு வாழ்க்கைமுறை மாற்றமா?' இதுதான் தலைப்பு. புரோஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. கண்காணிப்பே என்று பேச வந்திருக்கிறேன். பெண்ணுக்கு இந்தச் சுரப்பியே கிடையாதே, இந்த அம்மாவுக்கு இங்கே என்ன வேலை என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. உண்மைதான், எனக்குக் கிடையாது. என் வீட்டுக்காரருக்கு இருக்கிறது. மூன்று வருடமாக அதைப் பற்றி அவரைவிட அதிகம் கவலைப்பட்டவள் நான்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி, "பாம்பு வீட்டுக்குள் புகுந்துவிட்டது, அதைக் கண்காணித்துக்கொண்டே தூங்குவீர்களா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். ஆனால் தம்பி, வீட்டுக்குள் பல்லியும்தான் ஓடுகிறது. இருட்டில் ஏதோ நெளிந்தால் முதலில் விளக்கைப் போடுவோமா, கம்பைச் சுழற்றுவோமா?

விளக்கு என்பது பயாப்சி. என் வீட்டுக்காரருக்கு அப்போது வயது 63. ரத்தத்தில் பி.எஸ்.ஏ., அதாவது இந்தச் சுரப்பி விடும் ஒரு புரதத்தின் அளவு, சற்று அதிகமாக 5.8 என்று வந்தது. பன்னிரண்டு இடத்தில் ஊசி வைத்து எடுத்ததில் இரண்டில் மட்டும் புற்றுச் செல்கள். புற்று எவ்வளவு மூர்க்கமானது என்று காட்டும் கிளீசன் மதிப்பு 3+3, ஆக 6. புற்றுநோய் என்று எழுதிக்கொடுக்கும் அறிக்கைகளில் இதுதான் கடைசிப் படி. இதற்குக் கீழே இன்றைக்கு யாரும் எழுதுவதில்லை. கிளீசன் 6 மட்டுமே உள்ள கட்டி வேறு உறுப்புக்குப் பரவுவது மிக மிக அரிது. இதைப் புற்றுநோய் என்று கூப்பிடலாமா கூடாதா என்று மருத்துவர்களுக்குள்ளேயே ஒரு பட்டிமன்றம் நடந்துகொண்டிருக்கிறது, நடுவர் இல்லாமல்!

வேறு காரணங்களால் இறந்த ஆண்களின் உடலைப் பரிசோதித்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். 79 வயதைத் தாண்டியவர்களில் பாதிக்கு மேல் அந்தச் சுரப்பியில் புற்று இருந்திருக்கிறது. அவர்களுக்கு அது தெரியாது, தொந்தரவும் தரவில்லை. அத்தனை பேரையும் மேசையில் படுக்க வைத்திருந்தால் யாருக்கு லாபம்?

எங்கள் அணி 'சும்மா இரு' என்று சொல்கிறது என்பதுதான் எதிரணியின் பெரிய குற்றச்சாட்டு. சும்மாவா? ஆறு மாதத்துக்கு ஒரு முறை பி.எஸ்.ஏ., வருடத்துக்கு ஒரு முறை ஆசனவாய் வழியாக விரல் பரிசோதனை, தேவைப்படும்போது எம்.ஆர்.ஐ., முதல் ஒன்றரை வருடத்துக்குள் இன்னொரு பயாப்சி, அப்புறமும் சில வருடங்களுக்கு ஒரு முறை. பயாப்சியில் கிளீசன் மதிப்பு மேலே ஏறினால் அன்றைக்கே சிகிச்சைப் பேச்சு. எங்கள் வீட்டில் கல்யாண நாள் மறந்துபோகும், பி.எஸ்.ஏ. தேதி மறக்காது.

இனி எண்களுக்கு வருகிறேன். பிரிட்டனில் 'புரொடெக்ட்' என்று ஓர் ஆய்வு. 1999 முதல் 2009 வரை நோய் கண்டறியப்பட்டவர்களில் 1,643 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள்: கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு. 15 ஆண்டு கழித்து என்ன ஆயிற்று என்று 2023-இல் வெளியிட்டார்கள். இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் கண்காணிப்பில் 3.1 சதவீதம், அறுவையில் 2.2, கதிர்வீச்சில் 2.9. தற்செயல் என்று சொல்லக்கூடிய வேறுபாடுதான். ஆனால் எல்லாக் காரணங்களையும் சேர்த்தால், மூன்று குழுவிலும் மொத்தமாக 21.7 சதவீதம் பேர் இறந்திருக்கிறார்கள். அதாவது பெரும்பாலோரைக் கொண்டுபோனது வேறு எதுவோ. இந்த இடத்தைக் கொஞ்சம் மனத்தில் வையுங்கள், திரும்பி வருவேன்.

எதிரணித் தலைவர் குறிப்பெடுக்கிறார். அவர் கேட்கப்போவதை நானே கேட்டுவிடுகிறேன். நோய் வேறு இடத்துக்குப் பரவியவர்கள் கண்காணிப்பில் 9.4 சதவீதம், அறுவையில் 4.7. ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதை மறைத்துவிட்டு இந்த மேடையில் ஜெயிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த ஆய்வில் மூன்றில் ஒருவர் குறைந்த அபாயத்தினர் அல்லர், நடுத்தர, உயர் அபாயக்காரர்கள். கண்காணிப்பும் பெரும்பாலும் பி.எஸ்.ஏ.வை நம்பியது. இன்றைக்குப் போல எம்.ஆர்.ஐ.யும் மறு பயாப்சியும் வாடிக்கையாக இல்லாத காலம். நம் தலைப்பே குறைந்த அபாயத்தைப் பற்றியது. பாம்பு என்று தெரிந்த பிறகு அடிக்காதே என்று நாங்கள் சொல்லவில்லை. கிளீசன் 8 வந்தவரோ, புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ.2 மரபணு மாற்றம் இருப்பவரோ என் பேச்சைக் கேட்டுக் கண்காணிப்பில் உட்கார வேண்டாம்.

சரி, "எப்படியும் 15 வருடத்தில் 61 சதவீதம் பேர் சிகிச்சைக்குப் போய்விட்டார்களே, முதலிலேயே போயிருக்கலாமே" என்றார் இன்னொரு நண்பர். ஐயா, போகவேண்டியவரைக் கண்டுபிடித்து அனுப்பத்தானே கண்காணிப்பு! அதுவரை அவர்கள் முழு உடம்போடு வாழ்ந்த வருடங்களை எந்தக் கணக்கில் கழிப்பது? அதே குழுவில் கால்வாசிப் பேர் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் உயிரோடு இருந்தார்களே, அவர்களை என்ன செய்வது?

அந்த வருடங்களின் விலையைச் சொல்கிறேன். மேடையில் பேசக் கூச்சமான விஷயம்தான். கூச்சப்பட்டு யாரும் பேசாததால்தான் பல ஆண்கள் தெரியாமல் கையெழுத்துப் போடுகிறார்கள். அதே ஆய்வில், அறுவைக்குப் பிறகு ஆறாவது மாதத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் சிறுநீர்க் கசிவுக்கு பேட் வைத்துக்கொண்டிருந்தார்கள். 7 முதல் 12 வருடம் கழித்தும் சுமார் ஐந்தில் ஒருவருக்கு அது தேவைப்பட்டது. கண்காணிப்பில் பத்தில் ஒருவர். ஆண்மை பற்றி நான் சொல்லவே வேண்டாம், எதிரணியில் யாரும் அந்தப் பக்கமே போகவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

போன வருடம் ஒரு நாள் பி.எஸ்.ஏ. 9.1 என்று வந்தது. அறிக்கையை அவர் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தும் எடுக்கவில்லை. ராத்திரி நான் எடுத்துப் பார்த்தபோது மடிப்பு வியர்வையில் நனைந்திருந்தது. "வெட்டிப் போட்டுடலாம்" என்றார். அதுதான் அன்று அவர் சொன்ன ஒரே வாக்கியம். மருத்துவர் கேட்டது ஒரே கேள்வி: "சிறுநீர் போகும்போது எரிச்சல் உண்டா?" உண்டு, இவர்தான் யாரிடமும் சொல்லவில்லை. தொற்று. மருந்து முடிந்து ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் 6.0. அந்த ஒரு ராத்திரியை நம்பி முடிவெடுத்திருந்தால் ஒரு சிறுநீர்த் தொற்றுக்காக உறுப்பை இழந்திருப்பார்.

பயம் உண்டு, மறுக்கவில்லை. அந்தப் பயத்தைத் தாங்கவே முடியாமல் சிகிச்சை எடுப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எடுத்த பிறகும் பி.எஸ்.ஏ. பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். பயத்துக்கு அறுவை கிடையாது.

இப்போது அந்த 21.7 சதவீதத்துக்கு, அதில் பெரும்பாலோரைக் கொண்டுபோன 'வேறு எதுவோ'வுக்குத் திரும்புகிறேன். வாழ்க்கைமுறை மாற்றம் இங்கேதான் வருகிறது. காய்கறி சாப்பிட்டால் புற்று கரையும் என்று பேசினால் என்னை மேடையிலிருந்து இறக்கிவிடுங்கள். அமெரிக்காவில் கண்காணிப்பில் இருந்த 478 பேரை வைத்துச் சோதித்து 2020-இல் சொல்லிவிட்டார்கள்: நிறையக் காய்கறி சாப்பிட்டவர்களுக்கும் இரண்டு வருடத்தில் நோய் முன்னேறுவது குறையவில்லை. மாத்திரை இன்னும் மோசம். வைட்டமின் ஈ தடுக்கும் என்று நம்பி ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2011-இல் கணக்கெடுத்தபோது புரோஸ்டேட் புற்று 17 சதவீதம் கூடியிருந்தது! உறவினர்கள் கொண்டுவந்து தந்த டப்பாக்களை எல்லாம் அன்றைக்கே திருப்பிக் கொடுத்தேன்.

அப்புறம் எதற்கு மாற்றம்? அவருக்கு இதயம் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு. உடற்பயிற்சியில் நோய்க்கும் கொஞ்சம் நம்பிக்கை தெரிகிறது. கனடாவில் கண்காணிப்பில் இருந்த 52 பேரை வைத்து ஒரு சிறு ஆய்வு. 12 வாரம் டிரெட்மில்லில் விட்டு விட்டு வேகமாகப் பயிற்சி செய்தவர்களுக்கு இதயமும் நுரையீரலும் வலுப்பட்டன, பி.எஸ்.ஏ.வும் சற்று இறங்கியது. சின்ன ஆய்வுதான், நான் ஊதிப் பெரிதாக்க மாட்டேன். ஆனால் என் வீட்டுக்காரர் புகையை விட்டார். தினமும், பேசினால் மூச்சு வாங்குகிற வேகத்தில் நடக்கிறார். எட்டுக் கிலோ குறைந்திருக்கிறார், ரத்த அழுத்த மாத்திரை பாதியாகிவிட்டது. நாளைக்கே அறுவை வேண்டும் என்றாலும் அந்த மேசையில் படுக்கப்போவது பழைய உடம்பு இல்லை.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரே ஒரு கேள்வி. மறு பயாப்சியிலும் 3+3தான். மூன்று வருடம் ஆகிவிட்டது, அதோ நான்காவது வரிசையில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார். இந்த மூன்று வருடத்தில் எந்தத் தேதியில் அவரை வெட்டியிருக்க வேண்டும் என்று எதிரணித் தலைவர் எழுந்துவந்து சொல்லட்டும். நன்றி, வணக்கம்.