எச்ஐவி முதலில் காலி செய்வது குடலை

வணக்கம் நேயர்களே. தேக்காவில் ஒரு சுகாதாரப் பேச்சு முடிந்து நான் கிளம்பும்போது, ஓர் அம்மா தயங்கித் தயங்கி வந்தார். "என் தம்பிக்கு எச்ஐவி சார். ரத்தத்துல இருக்கிற கிருமின்னுதான் நினைச்சேன். டாக்டர் குடல்னு ஏதோ சொல்றாரு. அப்போ அவனோட ஒண்ணா சாப்பிடலாமா?"

தாராளமாகச் சாப்பிடலாம் அம்மா, ஒரே தட்டில்கூட. சாப்பாட்டாலோ எச்சிலாலோ இது பரவாது. ஆனால் குடலைப் பற்றி அந்த மருத்துவர் சொன்னது சரிதான்.

நோயை எதிர்க்கும் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களில் ஏறக்குறைய 2 விழுக்காடுதான் ரத்தத்தில் ஓடுகிறது. குடல் சுவரிலோ அவை கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. காரணம் இருக்கிறது. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியை நினைத்துப் பாருங்கள். இரவும் பகலும் ஆள் வந்துகொண்டே இருக்கும் இடம். குடலும் அப்படித்தான். சத்தை உள்ளே விட வேண்டும், கோடிக்கணக்கான பாக்டீரியாவை வெளியிலேயே நிறுத்த வேண்டும். அதனால் அங்குள்ள சிடி4 அணுக்களில், அதாவது எச்ஐவி குறிவைக்கும் லிம்போசைட் வகையில், பெரும்பாலானவை எப்போதும் விழிப்பாகவே இருக்கும். எச்ஐவி நுழையப் பிடித்துக்கொள்ளும் சிசிஆர்5 என்ற கைப்பிடியும் அவற்றின் மேல் நிறைய இருக்கும்.

கிருமி உடலுக்குள் எந்த வழியாக வந்தாலும் சரி, சில வாரங்களில் குடலின் சிடி4 அணுக்களைப் பெருமளவில் அழித்துவிடுகிறது. குரங்குகளைத் தாக்கும் இதன் உறவுக்காரக் கிருமியிடம் 1998இலேயே இதைப் பார்த்தார்கள். அந்த நாட்களில் நோயாளிக்குச் சாதாரணக் காய்ச்சல் போலத்தான் இருக்கும். அப்புறம் ரத்தத்தில் சிடி4 எண்ணிக்கை ஓரளவு ஏறும், உடம்பும் தேறும். குடல் மட்டும் தேறாது. எனக்கு இதில் மிகவும் வேதனையான பகுதி இதுதான்.

அழிந்த அணுக்களில் டிஎச்17 என்ற வகை முக்கியமானது. காவல் மட்டுமல்ல, சுவரைப் பழுதுபார்க்கும் வேலையும் அதனுடையது. அது குறைந்ததும் சுவர் கசிகிறது. பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கலப்பதை 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவற்றைக் கண்டு உடல் முழுவதும் எதிர்ப்பு அணுக்கள் பதறி எழுகின்றன. விழித்து நிற்கும் அணுதானே எச்ஐவிக்குப் பிடித்த இரை? ஆக, தீ தனக்கு வேண்டிய விறகைத் தானே தேடிக்கொள்கிறது.

மருந்து இந்தச் சுழற்சியை உடைக்கிறது. தினமும் மாத்திரை எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவிலேயே இருந்தால், உடலுறவு வழியாக இன்னொருவருக்குப் பரவாது. ஆனால் குடல் மெதுவாகத்தான் மீள்கிறது, பலருக்கு முழுதாக மீள்வதில்லை. எவ்வளவு சீக்கிரம் மருந்தைத் தொடங்குகிறோமோ அவ்வளவுக்குக் குடலின் அணுக்கள் மிஞ்சும். மாத்திரையை நிறுத்தினால், குடல் போன்ற இடங்களில் பதுங்கியிருக்கும் கிருமி பெரும்பாலும் சில வாரங்களில் திரும்பிவிடும்.

சிங்கப்பூரில் பெயர் கொடுக்காமலே பரிசோதித்துக்கொள்ளலாம். தொற்றியிருக்குமோ என்ற பயம் நேற்று இரவு நடந்ததைப் பற்றியது என்றால், பரிசோதனைக்கு நாள் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போங்கள். கிருமி காலூன்றாமல் தடுக்கும் மருந்து இருக்கிறது, 28 நாள் சாப்பிட வேண்டும். இன்றைக்கே போனால் இன்னும் நல்லது.