பொய்க்கோழி கூவிய இரவு

நேயர்களுக்கு வணக்கம். ஆசிய நாடுகளின் நாட்டுக்கதைகளைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். ஆசியாவோ பெரிய கண்டம். எனக்குக் கொடுத்திருப்பதோ கால் மணி நேரம். கடவம் நிறைய மீனைக் கைப்பிடிக்குள் அடக்கச் சொன்னால் எப்படி? அதனால் ஒரே ஒரு மீனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சேவல் கூவுகிற சத்தம். அதுவும் விடிவதற்கு முன்னால், ஆளை ஏமாற்றுவதற்காகவே கூவுகிற சத்தம்.

எனக்கு ஆறேழு வயது இருக்கும். ஆச்சி என்னைக் குமரிக்குக் கூட்டிப்போனாள். அம்மனைக் கும்பிட்டுவிட்டுக் கடற்கரைக்கு வந்தோம். அங்கே பல நிற மணலைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டேன். ஆச்சி வாங்கித் தரவில்லை. "காசு குடுத்தா வாங்குவாவ? கீழதான கெடக்கு" என்று குனிந்து ஒரு பிடி அள்ளினாள். உள்ளங்கையில் பரப்பி, நகத்தால் கிளறி, வெள்ளையாக நீண்டிருந்த ஒரு மணியை மட்டும் எடுத்து என் கையில் வைத்தாள். "பாத்தியா, அரிசி. சோறா ஆக வேண்டியது மக்கா. கல்யாணம் நின்னு போச்சு."

அரிசிதானே என்று வாயில் போட்டுக் கடித்தேன். நறநற என்றது. ஆச்சி சிரித்த சிரிப்பில் பொட்டலம் விற்றவரும் திரும்பிப் பார்த்தார்.

கதை உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். பாணாசுரனுக்குக் கன்னிப்பெண் கையால் மட்டுமே சாவு. அவனை முடிப்பதற்காகக் குமரியில் வந்து பிறந்திருக்கிறாள் அம்மன். சுசீந்திரத்தில் இருக்கும் சிவனுக்கு அவள்மேல் ஆசை, அவளுக்கும் சம்மதம். கல்யாணம் நடந்தால் அசுரன் பிழைத்துக்கொள்வான் என்று தேவர்களுக்குக் கவலை. நாரதர் மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர் கேட்கிறார்: கண் இல்லாத தேங்காய், நரம்பு இல்லாத வெற்றிலை, கணு இல்லாத கரும்பு. அதையும் சிவன் கொண்டுவந்துவிடுகிறார். கடைசியில் நாரதருக்கு மிஞ்சியது முகூர்த்த நேரம்தான். விடிவதற்குள் தாலி ஏற வேண்டும். சுசீந்திரத்திலிருந்து இரவே ஊர்வலம் புறப்படுகிறது. வழுக்கம்பாறைக்கு வரும்போது சேவல் கூவுகிறது. நேரம் தப்பிவிட்டது என்று மாப்பிள்ளை திரும்பிப் போய்விடுகிறார். கூவியது சேவல் இல்லை, நாரதர். கன்னியாகுமரியில் சமைக்க எடுத்து வைத்திருந்த அரிசியும் பருப்பும் கரையில் கொட்டி மணலாகிவிட்டன. அம்மன் கையில் ஜெபமாலையோடு நின்றுகொண்டிருக்கிறாள்.

வழுக்கம்பாறை இன்றும் இருக்கிறது. சுசீந்திரத்திலிருந்து கன்னியாகுமரி போகும் வழியில் பஸ் அந்த ஊரைத் தாண்டித்தான் போகும். எங்கள் வீட்டில் யாராவது கல்யாணத்துக்குத் தாமதமாக வந்தால் "வழுக்கம்பாறையில நின்னுட்டியோ?" என்று கேட்பதுண்டு. இது எங்கள் வீட்டுக் கேலி மட்டும்தான், ஊர் வழக்கு என்று எழுதி வைத்துவிடாதீர்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது ஆச்சியிடம் ஒன்று கேட்டேன். "அவரு ஒரு தடவ கெழக்க பாத்திருக்கலாம்லா? இருட்டாத்தான இருந்திருக்கும்?" ஆச்சி யோசிக்கவே இல்லை. "கோழி கூவினா விடிஞ்சாச்சு. வானத்தப் பாத்து மணி சொல்ல அவரு என்ன கடலுக்குப் போற ஆளா?"

இந்தப் பதிலை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பல வருடம் கழித்து ஜாவாத் தீவின் கதை ஒன்றைப் படிக்கும்போதுதான் ஆச்சியின் குரல் திரும்பக் கேட்டது.

ஜாவாவில் பிரம்பானன் என்று ஒரு சிவன் கோயில். 9-ஆம் நூற்றாண்டில் கட்டியது. நடுவில் உள்ள சிவன் சந்நிதியின் கோபுரம் 47 மீட்டர் உயரம். அந்தக் கோயிலைப் பற்றி ஊர்மக்கள் சொல்லும் கதை இது. பண்டுங் பொண்டோவோசோ என்ற வீரன் போக்கோ அரசனைக் கொன்றுவிட்டு, அவன் மகள் ரோரோ ஜொங்கராங்கைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்கிறான். அப்பனைக் கொன்றவனுக்கு எந்தப் பெண் கழுத்தை நீட்டுவாள்? ஆனால் முடியாது என்று நேராகச் சொல்லவும் முடியாது. "ஒரே ராத்திரியில் 1000 கோயில் கட்டு, பார்க்கலாம்" என்கிறாள். நாரதர் கணு இல்லாத கரும்பு கேட்டது போலத்தான். அவன் பூதகணங்களை ஏவிக் கட்ட ஆரம்பிக்கிறான். 999 ஆகிவிட்டது. அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? ஊர்ப்பெண்களை எழுப்பி, கிழக்குப் பக்கம் வைக்கோலைக் கொளுத்தச் சொல்கிறாள். உரலில் நெல் போட்டுக் குத்தச் சொல்கிறாள்.

இந்த இடத்தை நம் நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மில் வருவதற்கு முன்னால் விடியற்காலம் என்றால் உலக்கைச் சத்தம்தான். ஆச்சியும் மதினியும் எதிரெதிரே நின்று, ஒரு உலக்கை ஏறும்போது மற்றது இறங்க, கை மாற்றிக் கை மாற்றிக் குத்துவார்கள். படுத்திருக்கிற திண்ணை லேசாக அதிரும். அந்த அதிர்வுதான் எங்களுக்கு அலாரம். ஜாவாவிலும் அப்படித்தான் இருந்திருக்கிறது. உலக்கைச் சத்தம் கேட்கிறது, கிழக்கே வெளிச்சம் தெரிகிறது. சேவல்கள் ஏமாந்து கூவுகின்றன. பூதங்கள் ஓடிவிடுகின்றன. 1000-ஆவது கோயில் நின்றுபோகிறது. கோபத்தில் அவன் அவளையே கல்லாகச் சபித்துவிடுகிறான்.

பிரம்பானன் சிவன் கோயிலில் வடக்குப் பார்த்த அறை ஒன்று உண்டு. அங்கே எருமை அரக்கனின் மேல் காலூன்றி நிற்கும் எட்டுக் கைத் துர்க்கையின் சிலை இருக்கிறது. அதைத்தான் ரோரோ ஜொங்கராங் என்று ஊரார் காட்டுகிறார்கள். அந்தப் பெயருக்கு ஒல்லியான கன்னிப்பெண் என்று பொருள். அசுரனைக் கொல்லும் தேவி, சிவன் கோயில், நின்றுபோன கல்யாணம், பொய்யாக விடிந்த விடியல், கல்யாணம் ஆகாமல் கல்லாக நிற்கும் கன்னி. குமரியிலும் பிரம்பானனிலும் இத்தனையும் இருக்கின்றன. ஒரு வித்தியாசம் மட்டும் எனக்கு ரொம்பப் பிடித்தது. நம் ஊரில் பெண்ணுக்குத் தெரியாமல் ஆண்கள் கூடிச் செய்த சூழ்ச்சி, ஜாவாவில் அந்தப் பெண்ணே செய்கிறாள்.

அதே தீவின் மேற்குப் பகுதியில் சுண்டா மக்கள் சொல்லும் கதையில், பெற்ற தாய் என்று தெரியாமலே ஒருவன் அவளைக் கட்டிக்கொள்ள நிற்கிறான். ஒரே இரவில் ஒரு ஏரியும் ஒரு படகும் வேண்டும் என்கிறாள் தாய். வேலை முடியப்போகும் நேரம் பார்த்துப் பொய்யாக விடிய வைத்துவிடுகிறாள். ஏமாந்தவன் படகை எட்டி உதைக்கிறான். அது கவிழ்ந்து மலையாகிவிட்டது. பண்டுங் நகருக்கு வடக்கே அந்த எரிமலை நிற்கிறது. அதன் பெயருக்கே கவிழ்ந்த படகு என்றுதான் பொருள்.

அப்புறம் ஜப்பான். அங்கே வடக்கே அகிதா மாநிலத்தில் ஓகா என்ற தீபகற்பம். மலைமேல் ஒரு கோயில், ஏறிப்போக 999 கல் படி. சீனாவிலிருந்து வந்த அரக்கர்கள் ஊரில் புகுந்து விளைச்சலையும் பெண்களையும் தூக்கிப் போகிறார்கள். ஊரார் பந்தயம் கட்டுகிறார்கள்: "ராத்திரியோடு ராத்திரியாக 1000 படி கட்டிவிட்டால் வருஷத்துக்கு ஒரு பெண் தருகிறோம். கட்டாவிட்டால் இந்தப் பக்கமே வரக்கூடாது." 999-ஆவது படி வைத்து முடிந்ததும் யாரோ சேவல் மாதிரிக் கூவுகிறார்கள். அரக்கர்கள் ஓட்டம். டிசம்பர் 31 இரவில் அந்த ஊர் ஆண்கள் அரக்கன் முகமூடி போட்டு வீடு வீடாகப் போய், "அழுகிற பிள்ளை இருக்கிறதா?" என்று மிரட்டுவது இப்போதும் உண்டு.

வியட்நாம் கதையில் பொய்க்கோழி இல்லை. ஆனால் சேவல் சீர்வரிசையாக வருகிறது! ஹுங் அரசனின் மகளுக்கு இரண்டு மாப்பிள்ளைகள், ஒருவன் மலைக்கு அதிபதி, ஒருவன் நீருக்கு அதிபதி. ஒன்பது தந்தம் உள்ள யானை, காலில் ஒன்பது முள் உள்ள சேவல், ஒன்பது பிடரி உள்ள குதிரை. இதெல்லாம் கொண்டு விடியலில் யார் முதலில் வருகிறானோ அவனுக்குப் பெண். மலைக்காரன் முந்திவிட்டான். பிந்தி வந்த நீர்க்காரனுக்கு ஆத்திரம் தீரவில்லை. வருஷா வருஷம் வெள்ளமாகப் பொங்கி வந்து மலையோடு சண்டை போடுகிறான். நம்முடைய மாப்பிள்ளை பரவாயில்லை, சத்தம் போடாமல் சுசீந்திரத்துக்குத் திரும்பிவிட்டார்.

இத்தனை ஊரில் ஒரே கதை எப்படி வந்தது? கப்பலோடு போனது என்பார்கள் சிலர். போயிருக்கலாம். நம் கரையிலிருந்து என்னென்னவோ போயிருக்கிறது. 1909-ல் ஒரு ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்துதான் அதில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார். மணவாளக்குறிச்சி மணல் ஆலைக்கெல்லாம் மூலம் அந்தக் கயிறுதான். மணல் ஒட்டிப் போகும்போது கதை ஒட்டிப் போகாதா? ஆனால் எனக்கென்னவோ, ஆச்சி சொன்னதுதான் காரணம் என்று படுகிறது. கடிகாரம் இல்லாத காலத்தில் ஊர் முழுக்க நம்பிய ஒரே கடிகாரம் சேவல். கண்ணுக்கு இருட்டு தெரிந்தாலும் காது சொன்னதைத்தான் கேட்டார்கள்.

சீன வரலாற்று நூலில் இதற்குச் சாட்சியே இருக்கிறது. மெங்சாங் என்ற பிரபு எதிரி அரசனிடமிருந்து தப்பி இரவில் எல்லைக் கணவாய்க்கு வருகிறார். சேவல் கூவினால்தான் கதவு திறக்க வேண்டும் என்பது சட்டம். பின்னால் குதிரைப்படை வந்துகொண்டிருக்கிறது. அவருடைய ஆட்களில் ஒருவனுக்குச் சேவல் மாதிரிக் கூவத் தெரியும். அவன் கூவ, சுற்றியிருந்த சேவல்களும் சேர்ந்து கூவ, காவலாளி கதவைத் திறந்துவிட்டான். ஏன் இருட்டாக இருக்கிறது என்று அவனும் மேலே பார்க்கவில்லை. அவன் வேலை கூவலைக் கேட்பதுதானே.

சேவல்கள் அப்படி ஏமாறுமா என்று கேட்கலாம். ஜப்பானின் நாகோயா பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்து 2013-ல் வெளியிட்டார்கள். இரவும் பகலும் ஒரே மாதிரி மங்கிய வெளிச்சம் உள்ள அறையில் அடைத்தாலும் சேவலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது, வைகறையில் தானாகக் கூவுகிறது. அதோடு, திடீர் வெளிச்சம் பட்டாலும் வேறொரு சேவலின் குரல் கேட்டாலும் கூவுகிறது. வைகறையை ஒட்டிய நேரத்தில் அந்தத் தூண்டல் அதிகமாக வேலை செய்கிறது. அப்படியென்றால் ரோரோ ஜொங்கராங் வைக்கோலைக் கொளுத்தியதும், சீனாக்காரன் தொண்டையைச் செருமிக் கூவியதும் பலிக்கக்கூடிய காரியங்கள்தான். வழுக்கம்பாறையில் நாரதர் ஒருவர் கூவியிருந்தால் போதும், சுற்றுவட்டாரச் சேவல்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

சரி, நேரம் ஆகிவிட்டது. சுசீந்திரத்துக்குப் போய்விட்டு முடித்துக்கொள்கிறேன்.

பொய்க்கோழிக் கதை நம்மிடம் இன்னொன்றும் இருக்கிறது. கோழி கூவியதும் ஆற்றுக்குக் குளிக்கப் போகிறவர் கௌதம முனிவர். அவர் மனைவி அகலிகைமேல் ஆசைப்பட்ட இந்திரன் நடுராத்திரியில் சேவல் போலக் கூவுகிறான். முனிவர் எழுந்து போகிறார். ஆறு அசையாமல் உறங்குகிறது. சந்தேகப்பட்டுத் திரும்பி வருகிறார். இந்திரன் பூனையாகி நழுவப் பார்க்கிறான். இந்தப் பூனை பழைய பூனை. பரிபாடலில், திருப்பரங்குன்றத்தில் ஓவியம் பார்க்க வந்தவர்கள் "இது இந்திரன் பூனை, இவள் அகலிகை" என்று ஒருவருக்கொருவர் காட்டுகிறார்கள். பூனைக்கு அங்கே வரும் சொல் பூசை. நம் விளவங்கோடு பக்கத்தில் பூச்ச என்று கூப்பிடுகிறோமே, அதற்கு உறவான சொல்தான்.

பிடிபட்ட இந்திரன் சாபம் தீர வந்து விழுந்த இடம் சுசீந்திரம். கொதிக்கிற நெய்யில் இறங்கிச் சுத்தமானான் என்பது தலபுராணம். சுசி என்றால் தூய்மை, ஊர்ப் பெயருக்கே அதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். தப்பு செய்தவன் என்று சந்தேகம் வந்தால் கொதிநெய்யில் கையை முக்கச் சொல்லும் கைமுக்கு வழக்கம் அந்தக் கோயிலில் நடந்தது. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில்தான் அது நின்றது.

இப்போது இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொய்க்கோழியை நம்பிக் கல்யாணத்தைத் தொலைத்தவர் சுசீந்திரத்துக் கருவறையில் இருக்கிறார். பொய்க்கோழியாகக் கூவியவன் பாவம் தீர அவர் காலடிக்கே வருகிறான். ஒரு தடவை வந்து போனதோடு முடியவில்லை. தினமும் அர்த்தசாமத்தில் இந்திரனே வந்து அங்கே பூஜை செய்கிறான் என்பது நம்பிக்கை. அதனால் இரவு நடை சாத்துகிறவர் மறுநாள் காலையில் நடை திறப்பதில்லை. வைத்துவிட்டுப் போனது வைத்தபடி இருக்கிறதா, மாறியிருக்கிறதா என்று அவருக்குத் தெரிந்துவிடும் அல்லவா? பூஜைப் பொறுப்பு ஏற்கும்போது அவர்கள் ஒரு சத்தியம் செய்வார்கள்: "அகம் கண்டது புறம் கூறேன்."

ஆகவே, கூவியவனும் ஏமாந்தவரும் தனியாக இருக்கும் அந்த நேரத்தில் சேவலைப் பற்றிப் பேச்சு வந்ததா என்று நான் யாரிடமும் கேட்டுச் சொல்ல முடியாது. வணக்கம்.