மொகாமே காட் ஆற்றுத்துறையில் ஜிம் கார்பெட்

நேயர்களுக்கு வணக்கம்.

புலிவேட்டைக்காரரும் எழுத்தாளருமான ஜிம் கார்பெட் என்றதும் இமயமலைப் பகுதியான குமாவூனின் மலைக்காடுகளும் ஆட்கொல்லிப் புலிகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், தம் இளமையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் உழைத்தது பீகாரில், கங்கையின் தென்கரையில் இருந்த மொகாமே காட் என்னும் ரயில்வே சரக்கு ஆற்றுத்துறையில்தான். 1907-இல் சம்பாவத் புலி என்னும் ஆட்கொல்லியைச் சுட்டபோதும் அவர் அந்தத் துறையின் பொறுப்பில்தான் இருந்தார். அவரது உள்ளத்தை அறிய, காட்டைவிட அந்தத் துறையே ஏற்ற இடம் என்று நான் கருதுகிறேன்.

கார்பெட் 1875 ஜூலை 25 அன்று நைனிதாலில் பிறந்தார். அஞ்சலகத் தலைவராக இருந்த தந்தையைச் சிறுவயதிலேயே இழந்தார். பள்ளிப் படிப்பை முடித்ததும் வங்காள வடமேற்கு ரயில்வேயில் சேர்ந்து, எஞ்சின்களுக்கு விறகு வெட்டும் பணியை மேற்பார்வையிட்டார். பிறகு மொகாமே காட் துறையில் சரக்கு மாற்றும் ஒப்பந்தம் அவர் கைக்கு வந்தது.

அங்கே தண்டவாள இடைவெளி ஐந்தடி ஆறங்குலமுள்ள அகலப் பாதையும் ஒரு மீட்டர் மட்டுமே உள்ள மீட்டர் பாதையும் சந்தித்தன. ஒரு பாதையின் வேகன் மற்றதில் ஓடாது என்பதால், வடகரைக்குச் செல்லவேண்டிய சரக்கு முழுவதையும் இறக்கி, மறுபடியும் ஏற்றியாக வேண்டும். இயந்திரம் எதுவும் இல்லை. மூட்டைகளும் நிலக்கரிக் கூடைகளும் மனிதர்களின் தலையில்தான் ஏறின. தொடக்கத்தில் கார்பெட்டும் ஸ்டேஷன் மாஸ்டர் ராம் சரணும் மண்வாரியும் கூடையும் எடுத்து, தொழிலாளர்களோடு சேர்ந்து நிலக்கரி அள்ளினார்கள்.

வேலை நடந்ததே தவிர, நிர்வாகத்திடமிருந்து பணம் வரவில்லை. மூன்று மாதம் கழிந்த நிலையில், ஓர் இரவு தொழிலாளர் சிலர் அவர் வீட்டுக்கு வந்து, தங்கள் வயிறு காய்வதைச் சொன்னார்கள். அவர்களுடைய பசியை அவர் அறியாதவர் அல்லர். அவரும் அப்போது ஒருவேளை உணவோடு காலம் தள்ளிக்கொண்டிருந்தார். பணம் புறப்பட்டுவிட்டது என்ற உறுதி கிடைக்காவிட்டால் நண்பகலோடு வேலை நின்றுவிடும் என்று அன்றிரவே தலைமையகத்துக்குத் தந்தி அடித்தார். பணமும் வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் ஒப்பந்த இலாபத்தில் பெரும்பகுதியைத் தொழிலாளர்களுக்கே அவர் பகிர்ந்தளித்ததற்கு வித்து அந்த இரவில் விழுந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

தொழிலாளர் பிள்ளைகளுக்காக அவரும் ராம் சரணும் ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். மேல்சாதிப் பிள்ளைகளும் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளும் ஒரே குடிசைக்குள் அமரக் கூடாது என்ற தடை குறுக்கே வந்தது; ஆனால், திறந்த கொட்டகையின் கீழ் ஒன்றாக இருக்கத் தடை ஏதும் இல்லை. எனவே குடிசையின் சுவர்களை எடுத்துவிட்டார்கள். கூரை மட்டும் நின்றது. பிள்ளைகள் அதன்கீழ் ஒன்றாக அமர்ந்து படித்தார்கள். இருபது பேரோடு தொடங்கிய அந்தப் பள்ளி இருநூறு பேர் படிக்கும் அளவுக்கு வளர்ந்தது.

முதல் உலகப் போரின்போது, குமாவூனிலிருந்து ஐந்நூறு தொழிலாளர்களைத் திரட்டிப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றவரும் இவரே. 1955 ஏப்ரல் 19 அன்று கென்யாவின் நியேரி நகரில் அவர் காலமானார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1959-இல், மொகாமேயில் கங்கையின்மேல் ராஜேந்திர சேது பாலம் திறக்கப்பட்டது. வடகரைக்குச் செல்லும் ரயில் அன்றுமுதல் ஆற்றின் மேலேயே ஓடுகிறது.