வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பதில்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். வாழ்க்கைத் திட்டத்துக்கு முதலில் வேண்டியது இறைவனின் வழிநடத்தலே என்ற அணியில் நிற்கிறேன்.

எதிரணித் தலைவர் சற்று முன்பு, “ஹட்டன் பஸ் நிலையத்தில் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தால் கொழும்பு பஸ் போய்விடும்” என்றார். பலத்த கைதட்டல் கிடைத்தது. ஆனால் அந்த பஸ் எங்கே போகிறது, அதை ஓட்டுகிறவர் யார் என்று கேட்காமல் ஏறிச்சென்ற பிள்ளைகளை நினைத்து அழுகிற தாய்மார் நம் தேயிலைத் தோட்டங்களில் இருக்கிறார்கள், நடுவர் அவர்களே.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கும் ஒரு தரகர் வந்தார். உயர்தரம் எழுதிவிட்டு வீட்டிலிருந்த என் அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. வெளிநாட்டில் வீட்டு வேலை, இரண்டு வருட ஒப்பந்தம், கடனும் அடைந்துவிடும், கூரைத் தகரத்தையும் மாற்றிவிடலாம் என்று அடுக்கினார். “வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிருங்க, விட்டா சான்ஸ் போயிரும். வயச மட்டும் மூணு கூட்டிப் போட்டுக்குவோம்” என்றார். எதிரணித் தலைவரின் பஸ்ஸுக்கும் இதே அவசரம்தான்.

“ஜெபிச்சிட்டுச் சொல்றேன் தம்பி” என்றார் அம்மா.

தோட்டத்தில் காலையில் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போகுமுன், விடியற்காலை நாலரை மணிக்கு அவர் ஜெபிப்பது வழக்கம். மறுநாளும் கொழுந்துக் கறை படிந்த விரல்களைக் கோத்துக்கொண்டு முழங்காலிட்டார். அக்காவின் பெயரைச் சொன்னார். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் எழுந்து, அடுப்பைப் பற்றவைத்தபடியே அக்காவிடம் சொன்னார்: “பத்தொன்பது வயசுப் புள்ளைய இருபத்திரண்டுன்னு சொல்லி ஆண்டவர்கிட்ட எப்புடி ஜெபிக்கிறது?”

அந்தக் கேள்வியை மறுபடியும் கேளுங்கள், நடுவர் அவர்களே. இருபத்திரண்டு என்று சொல்லி ஆண்டவரிடம் எப்படி ஜெபிப்பது? பிறரிடம் மறைக்க முடிந்ததை, ஏன், நமக்கு நாமே மறைத்துக்கொண்டதைக்கூட, அவருக்கு முன்னால் மறைக்க இயலாது என்பதாலேயே ஒரு திட்டத்தில் பொய் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது ஜெபத்தில் தெரிந்துவிடுகிறது. எங்கள் வீட்டுக்கு வழிநடத்தல் வந்தது அப்படித்தான். வானத்திலிருந்து குரல் எதுவும் கேட்கவில்லை.

அம்மா அதோடு நிற்கவுமில்லை. எங்கள் சபை ஊழியரான உபதேசியாரிடம் நடந்துபோய் விசாரித்தார். வெள்ளிக்கிழமை தரகர் வந்தபோது, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் கொடுத்த லைசன்ஸைக் காட்டும்படி கேட்டார். அடுத்த முறை கொண்டுவருவதாகச் சொல்லிப் போனவர் பிறகு எங்கள் லயத்துப் பக்கமே வரவில்லை.

ஜெபிக்கிறவன் சும்மா இருக்கிறான் என்பது வேதத்தை வாசித்தவர் சொல்லக்கூடியதன்று. பாரசீக ராஜாவின் அரண்மனையில் பணிசெய்த நெகேமியா, எருசலேமின் மதில் இடிந்து கிடப்பதைக் கேள்விப்பட்டு, கிஸ்லே மாதம் தொடங்கி நிசான் மாதம் வரை, ஏறத்தாழ நான்கு மாதம் ஜெபித்துக் காத்திருந்தார். ராஜா கேட்டபோதோ, போய்வரும் காலத்தைச் சொல்லி, வழியில் காட்ட வேண்டிய கடிதங்களையும், மரத்துக்கான உத்தரவையும் தயங்காமல் கேட்டார். மதில் 52 நாளில் எழுந்தது. நான்கு மாதக் காத்திருப்பில் விளைந்த தெளிவு அது.

அக்காவுக்கும் உடனே வழி திறந்துவிடவில்லை. இரண்டு வருடம் அம்மாவோடு மலைக்குப் போய்க் கொழுந்து பறித்தார். கூரை ஒழுகிய மழை இரவுகளில், அன்று சரியென்று சொல்லியிருக்கலாமோ என்று அப்பா முணுமுணுத்ததும் உண்டு. அம்மா சட்டியை ஒழுக்குக்கு நேராக நகர்த்தி வைத்துவிட்டு, பேசாமல் அக்காவின் தலையைத் தடவிக்கொடுப்பார். பிறகுதான் பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. வாசிக்கத் தெரியாத அம்மா அந்தக் கடிதத்தை முகத்தோடு ஒற்றிக்கொண்டு அழுதார்.

இன்று அக்கா ஆசிரியை. அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. இன்று நான் இந்த மேடைக்குப் புறப்பட்டபோது, என் முகத்தைக் கையால் தடவிப் பார்த்து, “உண்மையத்தானே பேசப்போற?” என்று கேட்டார்.

“ஆமாம்மா” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், நடுவர் அவர்களே.