காக்கையும் பன்னிரண்டு புள்ளியும்

(சுவிற்சர்லாந்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, பாடசாலை அதிபர் அவர்களே, சனிக்கிழமை தோறும் தங்கள் ஓய்வு நாளை எங்கள் பிள்ளைகளுக்காகக் கொடுக்கும் ஆசிரியப் பெருமக்களே, ஆலய பரிபாலன சபையினரே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகரசபை உறுப்பினர் அவர்களே, பெற்றோரே, பிள்ளைகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நகரசபை உறுப்பினருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். இந்த மண்டபத்தை எங்களுக்குக் குறைந்த வாடகையில் எடுத்துத் தந்தவர் அவர். அவருக்குத் தமிழ் தெரியாது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பக்கத்தில் இருந்து காதுக்குள் மொழிபெயர்த்துச் சொல்கிறாள். மூன்று மணி நேரமாக இடத்தை விட்டு எழும்பாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்த மரியாதையை நாங்கள் மறக்கக் கூடாது. அதிபர் அவர்கள் இந்தப் பாடசாலையைத் தொடங்கியபோது ஐந்து பிள்ளைகள். மேசை கதிரை கூட இல்லை. இன்று மண்டபம் கொள்ளவில்லை. அவருக்கு ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். சற்று முன் எனக்குப் பொன்னாடை போர்த்திய பெரியவர், ஊரில் எனக்குக் கணக்குப் படிப்பித்த ஆசிரியரின் தம்பி. அவர் கையால் அது கிடைத்ததை என் பாக்கியமாக நினைக்கிறேன்.

‘யூரோவிஷனும் நானும்’ என்ற தலைப்பை அதிபர்தான் தந்தார். மூன்று விடயங்களைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஐரோப்பிய நாடுகளின் அந்தப் பாட்டுப் போட்டிக்கு நான் எப்படி ரசிகன் ஆனேன் என்பது ஒன்று. அங்கே புள்ளி போடும் முறையும், அதற்குள் இருக்கும் அயல்நாட்டு உறவும் பகையும் இரண்டாவது. மூன்றாவது மொழி.

பிள்ளைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1956 மே 24 அன்று, இந்த நாட்டின் லுகானோ நகரில்தான் இந்தப் போட்டி பிறந்தது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் நடத்தியது. ஏழு நாடுகள், நாட்டுக்கு இரண்டு பாட்டு. போர் முடிந்து பதினொரு வருடம்தான். ஒருவரை ஒருவர் குண்டு போட்டு அழித்த நாடுகள் ஒரே மேடையில் ஏறிப் பாடின. முதற் பரிசு சுவிஸ் நாட்டின் லிஸ் ஆசியாவுக்குக் கிடைத்தது. 1975 முதல் இன்றுள்ள புள்ளி முறை: பிடித்த பத்துப் பாட்டுகளுக்கு 1 முதல் 8 வரை, பிறகு 10, உச்சியில் 12. எந்த நாடும் தன் பாட்டுக்குத் தானே புள்ளி போட முடியாது.

என் மனதைப் பிடித்தது இந்தக் கடைசி விதிதான். ‘காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு’ என்று என் அம்மம்மா நாளுக்கு நாலு தரம் சொல்லுவா. இந்தப் போட்டி அந்தக் காக்கையைக் கூப்பிட்டு, ‘உன் குஞ்சு பொன்தான், அதை மற்றவன் சொல்லட்டும். நீ இன்றைக்கு அடுத்த கூட்டை எட்டிப் பார்’ என்கிறது. வருடத்தில் ஓர் இரவு பல கோடிப் பேர் அடுத்த கூட்டை எட்டிப் பார்க்கிறார்கள்.

என்னிடம் கொப்பிகள் இருக்கின்றன. ஒரு வருடத்துக்கு ஒரு பக்கம். அடிமட்டம் வைத்துக் கோடு கீறி நாடு, பாட்டு, மொழி, என் புள்ளி, அவர்கள் புள்ளி என்று ஐந்து நிரல். கொரோனாவால் போட்டி நடக்காத 2020க்கும் கோடு கீறி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் கடைசி நிரல் மட்டும் வெறுமையாக இருக்கிறது.

முதற் பக்கம் கொப்பியில் இல்லை. அது ஒரு நாட்காட்டித் தாளின் பின்பக்கம். அந்தக் கதையைச் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

1988 ஏப்ரல் 30, சனிக்கிழமை. நாங்கள் பதினான்கு பொடியள், ஒரு மலைக் கிராமத்தில் அகதி முகாமில் இருக்கிறோம். முன்பு விடுதியாக இருந்த பழைய மரக் கட்டடம். வெளியே இன்னும் பனி கரையவில்லை. முகாம் பொறுப்பாளர் அறுபது வயது கடந்த ஓர் அம்மா. யேர்மன் பேசும் ஊரில் முப்பது வருடம் வாழ்ந்தவர். பிறந்தது பிரெஞ்சு பேசும் யூரா மலைப் பக்கம். பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார். அதில் ஒரு நாளும் தளர்த்தியதில்லை. அன்று இரவு அவரே வந்து தொலைக்காட்சியைப் போட்டு, ‘எல்லாரும் வாங்கோ’ என்று கையைக் காட்டினார்.

டப்ளினில் போட்டி. சுவிஸ் நாட்டுக்காகப் பாட வந்தவர் இருபது வயதுப் பெண், கனடாவின் கியூபெக் மாநிலத்தவர், பெயர் செலின் டியோன். பிரெஞ்சில் பாடினார். ஒரு சொல் எங்களுக்கு விளங்கவில்லை. ஆனால் பாட்டு முடியும்போது எங்களுக்குள் தேத்தண்ணிக் கோப்பை வைக்கும் சத்தம்கூட இல்லை.

பிறகு புள்ளிகள். எங்களில் ஒருவர் ஊரில் சங்கக் கடையில் கணக்கு எழுதியவர். அவர்தான் நாட்காட்டித் தாளைக் கிழித்துக் கூட்டிக்கொண்டே போனார். ஒவ்வொரு நாடாகத் தொலைபேசியில் வந்தது. ‘சுவிஸ், சேத் புவான்’, ‘சுவிஸ், தூஸ் புவான்’, அதாவது ஏழு புள்ளி, பன்னிரண்டு புள்ளி. நான் படித்த முதல் பிரெஞ்சு அந்த எண்கள்தான். கடைசிக்கு ஒரு நாடுதான் மிச்சம். பிரித்தானியா 136. சுவிஸ் 131. ஐந்து புள்ளி பின்னுக்கு.

மிச்சம் இருந்த நாடு யூகோஸ்லாவியா. முகாம் சமையலறையில் வேலை செய்த மனிதர் யூகோஸ்லாவியர்! அவர் கதவோரம் ஈரக் கையைத் துடைத்தபடி நின்றார். பதினைந்து பேரும் திரும்பி அவரையே பார்த்தோம், அவர்தான் புள்ளி போடப் போகிறார் என்பது போல. அந்த மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. அப்போது புள்ளிகளைக் கீழிருந்து மேலே ஒன்றொன்றாகச் சொல்லுவார்கள். ஒன்று வேறு நாட்டுக்கு. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறு... சுவிஸ்! கணக்கர் எழுந்து நின்று ‘நூற்று முப்பத்தேழு!’ என்று தமிழில் கத்தினார். ஒரே ஒரு புள்ளி முன்னுக்கு. ஆனால் முடியவில்லை. ஏழும் எட்டும் பத்தும் பன்னிரண்டும் இன்னும் கிடக்கின்றன. அதில் எது பிரித்தானியாவுக்குப் போனாலும் கதை முடிந்தது. ஏழு போகவில்லை. எட்டு போகவில்லை. பத்தும் போகவில்லை. பன்னிரண்டைச் சொல்வதற்குள் அந்த அம்மா என் கையைப் பிடித்த பிடி இருக்கிறதே, அடுத்த நாளும் நகம் பதிந்த இடம் நொந்தது. பன்னிரண்டு பிரான்சுக்குப் போனது.

ஒரு புள்ளியால் சுவிஸ் வென்றது. அந்த அம்மா ஓடிப்போய்ச் சமையற்காரருக்குக் கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்தார். பிறகு எங்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்து அழுதார். நெஞ்சில் கையை வைத்து ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அடுத்த மாதம் வகுப்பில்தான் அதன் பொருள் படித்தேன்: ‘என்ர மொழி.’ முப்பது வருடம் அடுத்த மொழிக்குள் வாழ்ந்த ஒரு காக்கை தன் குஞ்சின் குரலைக் கேட்ட இரவு அது. ஊரை விட்டு வந்து ஏழு மாதத்தில் எனக்கும் அன்றுதான் அழுகை வந்தது. அன்றிலிருந்து ஒரு வருடமும் நான் தவறவிட்டதில்லை.

தலைவர் அவர்கள் நேரத்தைக் குறித்துத் துண்டு தந்திருக்கிறார். மன்னிக்க வேண்டும், தலைவர் அவர்களே, விரைவாக முடிக்கிறேன்.

இரண்டாவது, புள்ளி முறை. கிரேக்கமும் சைப்பிரசும் ஒன்றுக்கொன்று பன்னிரண்டு கொடுப்பது பற்றி நிறையச் சொல்லலாம். ஒன்றே ஒன்று சொல்கிறேன். 2025 மே மாதம் பாசலில் போட்டி நடந்தபோது நானும் மனைவியும் சென் யாக்கோப் விளையாட்டரங்கில் பெரிய திரையில் பார்த்தோம். எங்கள் நாட்டுக்காக சோயே மே பிரெஞ்சில் பாடினார். நடுவர்கள் 214 புள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். பொதுமக்கள் வாக்கு வந்தது: பூச்சியம். அவ்வளவு பெரிய அரங்கில் ஒரு நெடுமூச்சுக் கேட்டது. மனைவி கைப்பேசியைக் காட்டி, ‘நாங்கள் போட்டிருக்கலாமே’ என்றா. போட முடியாது, சுவிஸ் தொலைபேசியிலிருந்து சுவிஸ் பாட்டுக்கு வாக்கு இல்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, ஆனால் அன்றிரவு காக்கை வாயைத் திறக்கக் கூடாது. அந்த வேதனையையும் ஒரு ரசிகன் தாங்கத்தான் வேண்டும்.

இனி மொழி. இதற்குத்தான் நான் வந்தேன்.

1966 முதல் 1972 வரையும், திரும்ப 1977 முதல் 1998 வரையும், ஒவ்வொரு நாடும் தன் மொழியில்தான் பாட வேண்டும் என்று விதி இருந்தது. 1999இல் அதை எடுத்துவிட்டார்கள். அதன்பின் என் கொப்பியில் மொழி நிரலைப் பாருங்கள்: ஆங்கிலம், ஆங்கிலம், ஆங்கிலம். நல்ல பாட்டுகள் பல உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நிரலில் வேறு ஒரு சொல் எழுதக் கிடைக்கும் நாளில் என் கை நடுங்கும். 1989இல் லௌசான் நகரில், சொந்த மண்ணில், ஃபுர்பாஸ் குழுவினர் ரொமான்ஷ் மொழியில் பாடினார்கள். பதின்மூன்றாம் இடம். இடம் யாருக்கு வேண்டும்? சில பத்தாயிரம் பேர் பேசும் மொழி. 1938இல் இந்த நாட்டு மக்கள் வாக்களித்து அதைத் தேசிய மொழி ஆக்கினார்கள். அந்த மொழியை அன்றிரவு ஐரோப்பா முழுதும் கேட்டது. 2012இல் பாகூவில், ரஷ்யாவின் புரானோவோ கிராமத்துப் பாட்டிமார் தங்கள் உத்முர்த் மொழியில், ஆங்கில வரிகளையும் சேர்த்து, பாடினார்கள். ஊரில் கோயில் கட்டப் பணம் வேண்டும் என்று வந்தவர்கள். மேடையில் அடுப்பு வைத்து, தட்டில் பலகாரம் அடுக்கி, ஆறு பாட்டிமார் ஆடி, 259 புள்ளியோடு இரண்டாம் இடம்.

எங்கள் பேச்சுத் தமிழில் பாட்டு எழுதினால் சிரிப்பார்கள் என்று சில பெற்றோர் என்னிடம் சொல்வதுண்டு. அவர்களுக்காக ஒன்று. 2025இல் சுவீடனுக்காகப் பாடிய காய் என்ற மூவர், பின்லாந்தின் வோரா என்ற ஊரவர்கள். அந்த ஊரில் பேசும் சுவீடிஷ் பேச்சு வழக்கில், வெந்நீராவிக் குளியலைப் பற்றி ஒரு பாட்டு. சுவீடன் தன் மொழியில் பாடி 27 வருடம் ஆகியிருந்தது. அந்த ஊர்ப் பேச்சுக்கு நான்காம் இடம் கிடைத்தது. ஆயிரக்கணக்கானோர் அதே பேச்சில் கூடப் பாடியதை நானே கேட்டேன். எங்கள் பிள்ளையின் வாயில் வரும் ‘என்ர அம்மா’ எந்த விதத்தில் குறைந்தது?

இன்று காலை முதல் இந்த மேடையில் பத்தொன்பது பாட்டுகள் பாடப்பட்டன. பிள்ளைகள் அருமையாகப் பாடினார்கள். அதில் பதினேழு, யாரோ சென்னையில் யாருக்கோ எழுதிய திரைப்பாட்டு, கரோக்கே இசைக்கு. பிள்ளைகளில் பிழை இல்லை. நாங்கள் வேறு எதையும் அவர்கள் கையில் கொடுக்கவில்லை. யூரோவிஷனில் பழைய பாட்டைக் கொண்டுவர முடியாது. புதிய பாட்டாக இருக்க வேண்டும், மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும், முன்னணிக் குரல் நேரில் பாட வேண்டும். இந்த மூன்று விதியையும் அப்படியே எடுத்து, அடுத்த ஆண்டு விழாவில் ‘புதுப்பாட்டு’ என்று ஒரு பிரிவு வையுங்கள் என்று அதிபரிடம் மூன்று வருடமாகக் கேட்டு வருகிறேன். இப்போது சபைக்கு முன்னால் கேட்கிறேன். சொல் பிள்ளையினுடையது, தமிழில். புதன்கிழமை பின்னேரம் அவர்களுக்குப் பள்ளி இல்லை. பாட்டெழுத ஒரு மணி நேரம் போதும். அயல் நகரங்களின் தமிழ்ப் பாடசாலைகளையும் கூப்பிடுவோம். ஒவ்வொரு பாடசாலையும் பன்னிரண்டு வரை புள்ளி போடட்டும், தன் பாடசாலைக்கு மட்டும் போடக் கூடாது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். பக்கத்து நகரத்துப் பிள்ளையின் பாட்டுக்குப் பன்னிரண்டு கொடுக்கும் ஒரு தாயை நான் பார்க்க வேண்டும். வாசல் மேசையில் கையெழுத்துத் தாள் வைத்திருக்கிறேன், பேனையும் இருக்கிறது. நகரசபை உறுப்பினரும் போடலாம்.

இன்னும் ஒரு நிமிடம், தலைவர் அவர்களே. திரைக்குப் பின்னால் பதினொரு வயதுப் பிள்ளை ஒருத்தி நிற்கிறாள். பாசலில் ரைன் ஆற்றைக் கடக்கும் படகுக்கு இயந்திரம் இல்லை. கம்பியில் கட்டிவிட்டால் ஆற்றின் இழுப்பிலேயே அக்கரை சேரும். அதைப் பற்றி அவளே எழுதிய பாட்டு, இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. நிகழ்ச்சி நிரலில் அவள் பெயர் இல்லை. சுருதிப்பெட்டி அவளுடைய அம்மாவின் மடியில் இருக்கிறது. ஒலிவாங்கியைக் கொஞ்சம் பதித்து வையுங்கோ, பிள்ளைக்கு எட்டாது. வணக்கம்.